வேலிக்குள் நிற்காத தடை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஒரு நாட்டின் இணையச் சட்டம் அந்நாட்டு எல்லையோடு முடிந்துவிடும். அடுத்த நாட்டுக்காரருக்கு என்ன கவலை?" என்று எதிரணித் தோழர் கேட்டார். 2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததையே பதிலாக வைக்கிறேன்.

யூடியூபை முடக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. யூடியூபோ தன் 1024 இணைய எண் முகவரிகளை (ஐபி) ஒரே தொகுதியாக உலகுக்கு அறிவித்து வைத்திருந்தது. அதில் 256 முகவரிகளை மட்டும் பிரித்தெடுத்து, "இவற்றுக்கான வழி என்னிடம்" என்று பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது. அங்கே வரும் இணையப் போக்குவரத்தை அப்படியே கைவிடுவதுதான் திட்டம். உள்ளூர் ரவுட்டர்களோடு, அதாவது இணையத்தில் வழிகாட்டும் கருவிகளோடு, நின்றிருக்க வேண்டிய அறிவிப்பு, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கசிந்தது. தவறான அறிவிப்பைத் தடுக்கும் வடிகட்டி அங்கே இல்லை. அது உலகெங்கும் பரவிவிட்டது.

ஒரே முகவரிக்கு இரண்டு வழி தெரிந்தால், ரவுட்டர் சிறிய தொகுதியைத்தான் எடுக்கும். அறிவிப்பவர் உண்மையான உரிமையாளரா என்று அன்று அது சரிபார்க்கவில்லை. அதனால் பிற நாட்டவர் யூடியூபைத் தேடியபோதும் பாகிஸ்தான் பக்கமே திருப்பப்பட்டார்கள். 80 நிமிடம் கழித்து யூடியூபும் அதே 256-ஐ அறிவித்தது. அப்போதும் பாதிதான் தீர்வு. எந்த வழி நெருக்கமோ அதன் பக்கமே ஒவ்வொரு ரவுட்டரும் சாய்ந்தது. பிறகு 128, 128 என்று இன்னும் பொடியாக உடைத்து அறிவித்தார்கள். பிசிசிடபிள்யூ அந்த வழியை நீக்கியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அது ஊழியரின் பிழை, சட்டத்தின் பிழையல்ல" என்பார்கள். அந்த உத்தரவு இல்லையென்றால் அந்த ஒரு வரியை ரவுட்டரில் யார் எழுதியிருப்பார்கள், நடுவர் அவர்களே?

சரி, பிழையே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2018 மே 25-இல் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரு போலி வங்கித் தளம் முளைத்தால், தளப் பெயரை யார் பதிவு செய்தார் என்று காட்டும் ஹூயிஸ் பதிவேட்டில் தேடி, அவரின் மின்னஞ்சலைப் பிடிக்கலாம். அதே மின்னஞ்சலில் பதிவான மற்ற டொமைன்களையும் (தளப் பெயர்களையும்) சேர்த்து முடக்கலாம். புதிய சட்டம் வந்தபின், அந்த விவரங்களைக் காட்டுவதே மீறலாகலாம் என்ற பயம் வந்தது. அபராதமோ உலகளாவிய வருவாயில் 4 சதவீதம் வரை போகும். எந்த வாடிக்கையாளர் ஐரோப்பியர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க டொமைன் பதிவு நிறுவனங்கள் மெனக்கெடுமா? எல்லோருடைய விவரங்களையும் மறைக்க, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானும் இடம் கொடுத்தது. இன்று சென்னையில் உட்கார்ந்து தேடினாலும், ஐரோப்பாவுக்குத் தொடர்பே இல்லாத டொமைனில்கூட, பெயர் இருந்த இடத்தில் "தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது" என்ற பொருளில் பெரும்பாலும் ஒரு வரிதான் வரும். தனியுரிமை நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றிய மன்றத்தில் நமக்கு ஓட்டு இல்லை.

கடைசியாக, எதிரணி காட்டிய கூகுள் வழக்கு. தேடல் முடிவுகளை உலகம் முழுக்க நீக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 செப்டம்பர் 24-இல் சொன்னது உண்மைதான். ஒன்பதே நாளில், அக்டோபர் 3 அன்று, ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஃபேஸ்புக் வழக்கில், உலகளவில் நீக்கச் சொல்லி ஒரு நாட்டு நீதிமன்றம் ஆணையிடுவதை ஐரோப்பியச் சட்டம் தடுக்கவில்லை என்றதும் அதே நீதிமன்றம்தான்.