தலைமாட்டில் ஒரு சுவிட்ச் வேண்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அன்பைக் கொட்டித் தீர்த்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'இரவு தங்க வரும் விருந்தாளிக்கு நிம்மதி தருவது வீட்டாரின் அன்பா, அவர்கள் செய்துவைத்த ஏற்பாடா?' இதுதான் தலைப்பு. ஏற்பாடுதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "மனசு விரிந்திருந்தால் போதும், வெறும் தரையும் மெத்தையாகும்" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன்: ஐயா கடைசியாக வெறும் தரையில் படுத்தது எப்போது?

அன்பு பகல்நேர ஊழியர், நடுவர் அவர்களே. வாசலுக்கு ஓடிவந்து பையை வாங்கிக்கொள்ளும். இரவு பதினொரு மணி வரை பழைய கதை பேசும். அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும் விருந்தாளிக்குத் துணை யார்?

நான் பட்டதையே சொல்கிறேன். நெருங்கிய நண்பர் வீடு. பாசத்துக்குக் குறைவே இல்லை. நள்ளிரவில் எழுந்தேன். விளக்கு சுவிட்ச் எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போனேன். முதலில் கையில் பட்டது காலண்டர். அடுத்து ஓர் ஈரத் துண்டு. ஒருவழியாக ஒரு சுவிட்ச் அகப்பட்டது. அழுத்தினேன், ஃபேன் நின்றுவிட்டது. குளியலறை என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தால், அது நண்பரின் பெற்றோர் அறை. "யாரது?" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் வீடு மொத்தமும் விழித்துக்கொண்டது. என்னையும் விழித்தவர்களோடு சேர்த்துக்கொண்டு, "என்ன சத்தம்?" என்று நானும் கேட்டுவைத்தேன். காலையில் நண்பர் விசாரித்தார்: "நல்லா தூங்கினியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அருமையான தூக்கம்."

என் கட்சி இதுதான். அன்பு அதிகமுள்ள வீட்டில்தான் விருந்தாளி அதிகமாகப் பொய் சொல்கிறார். தலையணை உயரமாக இருக்கும். போர்வை கால்வரை எட்டாது. வாய் திறந்து கேட்பாரா? மாட்டார். 'இவ்வளவு பாசமாக இருப்பவர்களைப் போய் எழுப்புவதா' என்று முடங்கிக்கொள்வார். அன்பே அவர் வாயைக் கட்டிவிடுகிறது. அவர் கேட்கும்படியான நிலைமையே வராமல் பார்த்துக்கொள்கிறோமே, அதற்குப் பெயர்தான் ஏற்பாடு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "நம்ம வீடுதான் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் தானாக வரும்" என்றார். விருந்தாளி நினைத்துக்கொள்வார் அம்மா, அவர் மூளை ஒத்துக்கொள்ள வேண்டுமே! புது இடத்தில் முதல் நாள் தூக்கம் கெடுவதற்கு ஆய்வாளர்கள் 'முதல் இரவு விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்வரிசையில் சிரிக்காதீர்கள், 1966-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிற பெயர் அது. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். புது இடத்தில் முதல் இரவில் மூளையின் இடப்பாதி, வலப்பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் அது சட்டென்று விழித்துக்கொள்கிறது. அதாவது, விருந்தாளி படுத்திருப்பார், அவருக்குள் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். அந்தக் காவல்காரருக்கு உங்கள் பாசம் கேட்காது. சொட்டுகிற குழாய் கேட்கும். டிக் டிக் என்கிற சுவர்க்கடிகாரம் கேட்கும். படுக்கையறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே எழுதிவைத்தது. கிசுகிசுப்பின் அளவு அது. ஆகவே கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் மாட்டுங்கள். உங்கள் அன்பு அந்த ஆணியில் தெரியட்டும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நள்ளிரவில் பெரிய டியூப்லைட்டைப் போட்டு அணைத்தால், கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை விருந்தாளிக்குப் பார்வை பாதிதான். படுக்கையிலிருந்து குளியலறை வரை, முழங்காலுக்குக் கீழே, மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். விருந்தாளி வயதானவர் என்றால் இது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பு. அவரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, "எவ்வளவு எளிமையான மனிதர்!" என்று மெச்சாதீர்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிற உயரத்தில் கட்டில் கொடுங்கள்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விருந்தாளி படுக்கும் இடத்தில் அவர்கள் ஒருநாளும் படுத்துப் பார்த்ததில்லை. ஒரு பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். திரைச்சீலை இடுக்கு வழியாகத் தெருவிளக்கு நேராகக் கண்ணில் குத்தும். போன் சார்ஜர் வயர் கட்டிலுக்கு அரை அடி முன்பே நின்றுவிடும். அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த போர்வையில் என்ன வாடை என்று மூக்கு சொல்லும். அதைத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டிய நாள், விருந்தாளி வருகிற நாள் அல்ல, அதற்கு முந்தைய நாள்!

காற்றடைத்த மெத்தைக்காரர்கள் இங்கே இருப்பீர்கள். விருந்தாளி வந்த பிறகு உஸ் உஸ் என்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். புதுமெத்தையின் உறை இழுபட்டு நெகிழும். இரவு குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்றும் சுருங்கும். நடுநிசியில் விருந்தாளியின் இடுப்பு தரையைத் தொடும். சில மணிநேரம் முன்பே நிரப்பிவையுங்கள், படுக்கும் முன் இன்னொரு முறை அடியுங்கள். அடியிலிருந்து குளிர் ஏறும், மேலே தடிமனான விரிப்பு போடுங்கள். இதில் எதைப் பாசம் செய்துகொடுக்கும்?

"தனி அறை இல்லாதவர்கள் ஏற்பாட்டுக்கு எங்கே போவார்கள்? அவர்களிடம் இருப்பது அன்புதானே!" என்று மூன்றாவது பேச்சாளர் உருகினார். நியாயமான கேள்வி. ஆனால் ஏற்பாடு மிகவும் தேவைப்படுவதே அங்கேதான். ஹாலில் படுக்கும் விருந்தாளியின் நிலைமையைப் பாருங்கள். வீட்டில் கடைசியாகத் தூங்குபவர் அவர், முதலில் எழுபவரும் அவர். டிவி அணையும் வரை அவருக்குப் படுக்கை கிடையாது. காலையில் வீட்டில் ஒருவர் எழுந்தாலே இவர் எழுந்தாக வேண்டும். உடை மாற்ற மறைவில்லை. பையை எங்கே வைத்தாலும் யார் காலையாவது இடிக்கும். இதைச் சரிசெய்ய அறை வேண்டாம். "பத்து மணிக்கு ஹால் உங்களுக்கு, காலை ஏழு வரை இந்தப் பக்கம் யாரும் வரமாட்டோம்" என்று ஒரு வார்த்தை. ஒரு மூலையில் கயிறு கட்டி ஒரு திரை. பைக்கு ஒரு ஸ்டூல். ஒரு தண்ணீர் பாட்டில். அன்று ஒருநாள் வீட்டுப் பிள்ளைகள் ஹாலில் படுத்து, தங்கள் கட்டிலைக் கொடுத்தால் இன்னும் உத்தமம்.

"இப்படியெல்லாம் செய்தால் வீடு ஹோட்டலாகிவிடாதா?" என்பார்கள். ஹோட்டலிலாவது மணியடித்துக் கேட்கலாம். வீட்டில் யாரிடம் மணியடிப்பது?

நடுவர் நேரமாகிவிட்டது என்று மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று. சற்றுமுன் மேடைக்குப் பின்னால் எதிரணித் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்று இரவு நம்ம வீட்டிலேயே தங்கிவிட்டுப் போங்கள்" என்றார். கட்டாயம் வருகிறேன் ஐயா, உங்கள் அன்புக்காகவே வருகிறேன். குளியலறைக் கதவு எது என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். வணக்கம்.