பங்காளியா, சம்பந்தியா?

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் ‘படைப்பு’ என்று சொன்னால், இறைவன் உலகைப் படைத்த செய்தி யாருக்கும் முதலில் நினைவுக்கு வராது. பங்காளிகள் கூடி, புள்ளிக் கணக்கில், அதாவது மணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பங்காகப் பணம் போட்டு, முன்னோருக்கு வேட்டியும் சேலையும் வைத்து, இலை போட்டுப் படைக்கும் வழிபாடுதான் வரும். சிறு வயதில் எங்கள் படைப்பு வீட்டில், பேழையைத் திறந்ததும் எழுந்த பழந்துணி வாடைக்கு நடுவே, “இந்த ஆயாவுக்கு முன்னால் யார், அவருக்கும் முன்னால் யார்?” என்று நான் கேட்டுக்கொண்டே போக, ஐந்தாறு தலைமுறைக்கு மேல் பெரியவர்களாலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. அதன் ஒரு கிளைதான் இன்றைய பேச்சு: மறைந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால் மனிதர்கள் நமக்கு என்ன முறை?

1856ஆம் ஆண்டு, ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகருக்கு அருகில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்களுக்கு ஒரு குகையில் சில எலும்புகள் கிடைத்தன. கரடி எலும்பு என்று கருதப்பட்ட அவற்றை ஃபூல்ரோட் என்ற பள்ளி ஆசிரியர் பார்த்து, மனித எலும்புதான், ஆனால் மிகப் பழையது என்று அறிந்தார். அந்த இடம் நியாண்டர் பள்ளத்தாக்கு. ‘தால்’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு; நியாண்டர்தால் என்ற பெயர் அப்படி வந்ததுதான். யோவாகிம் நியாண்டர் என்ற, இறைவனைப் பாடல்களால் துதித்த 17ஆம் நூற்றாண்டுச் சமயப் போதகரின் பெயரே அதற்கு இடப்பட்டிருந்தது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குப் புது மனிதன் என்று பொருள். மனித இனத்தின் பழங்கால உறவினருக்குப் புது மனிதன் என்ற பெயர், அதுவும் ஓர் அடியார் வழியாக வந்தமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த எலும்புக்கு முறையான அறிவியல் பெயரை 1864இல் அச்சில் தந்தவர் வில்லியம் கிங், அயர்லாந்தின் கால்வே நகரில் பேராசிரியர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவருடைய மகன் நம் மண்ணில் நடந்தவர். மகன் பெயரும் வில்லியம் கிங்தான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1863 மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கற்கால மனிதரின் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார் அல்லவா, அவருடைய தோழர் இவர். அதே ஆண்டு செப்டம்பரில் இருவரும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார்கள். அங்கே தந்தை ஒரு மண்டையோட்டை ஆராய்கிறார். இங்கே மகன் கைக்கோடரியைக் குனிந்து எடுக்கிறார். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று பிற்கால ஆய்வு காட்டியது. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. கருவி மட்டும் இருக்கிறது, கை இல்லை.

தந்தை கிங்கிற்கு வருவோம். இந்த மண்டைக்குள் ஓடிய எண்ணங்கள் விலங்கின் எண்ணங்களுக்கு மேலே எழுந்திருக்காது, கடவுளை உணரும் ஆற்றலும் இருந்திருக்காது என்று அவர் கருதினார். இதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன்: நெற்றி எலும்பை அளந்து ஆன்மாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அறிவியலின் வேலையன்று. அதே கண்டிப்போடு மறுபுறமும் சொல்கிறேன். சிவபுராணத்தில் ‘புல்லாகிப் பூடாய்’ என்று வருவதைக் காட்டி, டார்வின் சொன்ன பரிணாமத்தை மணிவாசகர் முன்பே சொல்லிவிட்டார் என்று நம் மேடைகளில் பேசுகிறார்கள். திருவாசகத்தை ஓதாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை, அதனால்தான் வருந்துகிறேன். அந்த அடி ஓர் உயிர் பல பிறவிகளில் பட்ட களைப்பைச் சொல்லி அழுவது. ஓர் இனத்தின் உடலமைப்பு தலைமுறைகளினூடே மாறுவதைச் சொல்வதன்று. அழுகையைப் பாடப் புத்தகமாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

கிங் எழுதி நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1908இல், பிரான்சின் லா ஷப்பேல் குகையில் ஏறத்தாழ முழுமையான ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர்கள் கத்தோலிக்கக் குருமார் என்பதை நேயர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். அந்த மனிதர் வயதானவர். மூட்டுகள் தேய்ந்து, கடைவாய்ப் பற்கள் பல உயிரோடிருக்கும்போதே விழுந்து, அந்தக் குழிகளை எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. பல் போன கிழவர் பல காலம் வாழ்ந்திருக்கிறார் என்றால், யாரோ அவருக்கு உணவைப் பக்குவப்படுத்திக் கொடுத்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதினார்கள். இறந்த பிறகு அவரை ஒரு குழியில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் ஆயாவுக்கு இடித்த வெற்றிலையை மடித்துக் கொடுத்த கை என் நினைவில் வருகிறது.

அவர்கள் நமக்கு என்ன முறை? 2010இல் மரபணு ஆய்வாளர் ஸ்வான்டே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் வரைவை வெளியிட்டது. 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் நம் முன்னோரும் அவர்கள் முன்னோரும் ஒரே வழியில் வந்து பிரிந்தார்கள். அந்த வகையில் பங்காளிகள். பிறகு, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு, இரு சாராரும் கலந்து பிள்ளை பெற்றார்கள். அந்த வகையில் சம்பந்திகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை அவர்கள் கொடுத்தது. ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி என்று பெண் கொடுக்காத நம் ஊர்க் கணக்கில் இது அடங்காது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். குருமாரை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அதையொட்டிப் பரிணாமம் குறித்த கிறித்தவ நிலைப்பாட்டைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன்: உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவை இறைவனே நேராகப் படைக்கிறான் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் எழுதினார், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று இரண்டாம் ஜான் பால் 1996இல் சொன்னார். ஈராக்கின் ஷனிதார் குகையில், ஒரு கை சூம்பி, ஒரு கண்ணும் பார்வை குன்றிய நிலையில் பல ஆண்டுகள் வாழ்ந்த மற்றொரு நியாண்டர்தால் மனிதரைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. வணக்கம்.