கடற்கரையில் செத்தவனின் பெயர்

நண்பர்களே, வணக்கம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1942இல் வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முதல் தடவை படித்தபோது அதன் நாயகன், அல்ஜீரியாவில் வாழும் பிரெஞ்சுக்காரன் மெர்சோ, என்னை விழுங்கிவிட்டான். அம்மா சாவுக்கு அழாதவன், கொதிக்கும் வெயிலில் கடற்கரையில் ஒருவனைச் சுட்டவன், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடப் பொய் சொல்லாதவன். அபத்தம், அதாவது அர்த்தம் தேடும் மனிதனுக்கு உலகம் எந்தப் பதிலும் தராத நிலை, என்றால் இதுதான் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். சரி, செத்தவன் யார்? அதைக் கேட்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அவன் ஓர் அராபியன். நாவலில் அவனுக்குப் பெயர் கிடையாது. முதலில் ஒரு குண்டு, பிறகு அசையாமல் கிடந்த உடம்பில் இன்னும் நான்கு. வழக்கில் அரசு வக்கீல் எதையெல்லாம் கிளறுகிறார், பாருங்கள். அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பால் காபி குடித்தான், சிகரெட் பிடித்தான், மறுநாளே ஒரு பெண்ணோடு நீந்தப் போனான், சிரிப்புப் படம் பார்த்தான். செத்தவனுடைய வீட்டார் யாரும் கூண்டில் ஏறவில்லை. ஓர் அராபியச் சாட்சிகூட இல்லை.

பிரான்ஸ் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது 1830இல். அந்த மண்ணின் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த ஆட்சியில் முழுக் குடியுரிமை இருக்கவில்லை. அவர்களைத் தண்டிக்கவென்றே தனி விதிகள் வைத்திருந்தார்கள். அதனால் அந்த நீதிமன்றத்தின் அபத்தத்தை மனித வாழ்வின் பொதுவான அபத்தம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் பாதி காலனி ஆட்சி செய்துவைத்தது.

காம்யுவுக்கு இது தெரியாதா? தெரியும். அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதி மக்களின் பட்டினியைப் பற்றி 1939இலேயே பத்திரிகையில் எழுதியவர் அவர். நாவலிலும் ஓர் இடம் இருக்கிறது. மெர்சோ சிறைக்கு வந்த முதல் நாள், கூட இருப்பவர்களில் பெரும்பாலோர் அராபியர்கள். என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். ஓர் அராபியனைக் கொன்றேன் என்கிறான். அறை அப்படியே அடங்கிப்போகிறது. கொஞ்ச நேரம் கழித்து, படுக்கும் பாயின் ஒரு முனையைச் சுருட்டித் தலையணையாக்குவது எப்படி என்று அவர்களே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதே இல்லை.

அப்புறம் 2013இல் அல்ஜீரியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. காமெல் தாவுத் எழுதிய ‘மெர்சோ, மறுவிசாரணை’. செத்தவனுக்கு அங்கே மூசா என்று பெயர். தம்பி ஹாரூன், கிழவனாகி, ஓரான் நகரத்து மதுக்கடையில் உட்கார்ந்து கதை சொல்கிறான். காம்யுவின் நாவல் அம்மா இறந்த செய்தியோடு தொடங்குகிறது. ஹாரூனோ, தன் அம்மா இன்னும் உயிரோடு இருப்பதாகச் சொல்லித் தொடங்குகிறான். மகனின் உடல்கூடக் கிடைக்காத தாய் அவள். பத்திரிகைத் துணுக்குகள் இரண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஹாரூனை அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள்.

ஆனால் தாவுத் தன் ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. 1962 ஜூலையில், அல்ஜீரியாவுக்கு விடுதலை கிடைத்த கையோடு, ஹாரூனும் ஒரு பிரெஞ்சுக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஏன் கொன்றாய் என்பது விசாரிக்கும் விடுதலைப் படை அதிகாரிக்குப் பெரிய விஷயமாக இல்லை. சின்னக் கொடி ஒன்றை எடுத்துக் காட்டிச் சத்தம் போடுகிறார்: போர் நடந்தபோது எங்களோடு சேர்ந்து கொன்றிருக்க வேண்டும், இந்த வாரம் அல்ல!