தாத்தா குடை கேட்கவில்லை

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் அவர்களே, நம் சமூக மன்றத்து இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர், செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் நீரிழிவைப் பற்றி எளிய தமிழில் பேசி அமர்ந்த மருத்துவர் அவர்களே, ஓய்வு பெற்ற பின்னும் தமிழ் நிகழ்ச்சி என்றால் முதல் ஆளாக வந்துவிடும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. ஓரத்தில் சாய்வு நாற்காலிகளைப் போட்டு, உட்கார முடியாதவர்கள் இடையில் எழுந்து நின்றுகொள்ளலாம் என்று முதலிலேயே அறிவித்த தொண்டூழியர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. நாள்பட்ட வலியோடு ஒரு கூட்டத்துக்கு வந்து இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

நீடித்த வலி என்பது என்ன, யோக சிகிச்சையாளராக நான் என்ன செய்கிறேன், கட்டுமானத் தளங்களில் உழைக்கும் நம் ஊழியச் சகோதரர்களின் உடல்வலிக்கு நாம் என்ன செய்யலாம் என்று மூன்று பொருள்களைப் பற்றிப் பேசுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி: "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்." காயம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலைக் கருவி காட்டும். வலியை அதை அனுபவிப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. நான் இன்று மன்றாட வந்திருப்பதும் அந்த வாய்ச்சொல்லுக்காகத்தான்.

மூன்று மாதங்களைக் கடந்தும் தொடரும் வலியை நீடித்த வலி என்று மருத்துவம் வகுக்கிறது. பல நேரங்களில் தொடக்கத்தில் பட்ட அடியோ பிசகோ ஆறியிருக்கும், வலி மட்டும் ஆறியிருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த நிலையை நம் நரம்பு மண்டலமும் அடையும். அரண்டுபோன நரம்புக்குக் குனிவது பேய், நிமிர்வது பேய், சில சமயம் தும்முவதும் பேய். அந்த வலியைக் கற்பனை என்று எவரும் தள்ளிவிடக் கூடாது. நரம்பு உண்மையாகவே கூடுதலாக வேலை செய்கிறது, வலி உண்மையாகவே வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியில்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகளின் தேய்வு, இருப்பதாக அது கணித்தது. நரைமுடியைப் போல வயதோடு வருவதுதான் அதில் பெரும்பகுதி. ஆனால் 'தேய்ந்துவிட்டது' என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு, அன்று முதல் குனிவதையே விட்டவர்கள் எத்தனை பேர்!

அப்படி விட்டவர் ஒருவரின் கதையை, அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர், வயது 71, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆறு ஆண்டுகளாக முதுகுவலி. பலதுறை மருந்தகத்துக்கும் மருத்துவமனைக்கும் அவரை அழைத்துப் போனது பேத்திதான். பெரியவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, பேத்திக்குத் தமிழ் பாடநூலில் மட்டும்தான். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு நடுவிலும் தாத்தாவின் கையைப் பிடித்து அழைத்து வந்த பிள்ளை அவர்.

என்னிடம் வந்த முதல் நாள் பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்து, மூச்சை அடக்கி, தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எப்படி இருக்கிறது ஐயா?" என்று கேட்டேன். "பகல்ல பரவால்லம்மா. ராத்திரி ஆனா போட்டுக் குடையுது" என்றார். நான் பேத்தியைப் பார்த்து, இதை மருத்துவரிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, "தாத்தா இரவில் குடை கேட்பார் அக்கா. வெளியே மழையே இருக்காது. மறதி நோய் வருகிறதோ என்று அப்பாவும் நானும் பயந்தோம். அதனால் அதைச் சொல்லாமல் முதுகுவலி என்று மட்டும் சொல்வோம்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த அறையில் பெரியவரும் சிரித்தார். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஓய்வெடுக்கும்போதும் விடாமல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி என்றால், அது சாதாரண வலியா, வேறு நோயின் அடையாளமா என்று மருத்துவர் விசாரித்தே தீர வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, காலில் திடீரென வலுவிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது போன்றவற்றைப் போலவே இதையும் ஒதுக்கக் கூடாது. ஆறு ஆண்டுகளாக எந்த மருத்துவரின் காதிலும் விழாத அந்தச் செய்தி, 'குடை' என்ற சொல்லுக்குள் மடங்கிக் கிடந்தது. அன்று நான் அவருக்கு ஓர் ஆசனமும் சொல்லித் தரவில்லை. 'இரவு வலி' என்று கடிதம் எழுதி, மருத்துவரிடமே திருப்பி அனுப்பினேன். சோதனைகள் முடிந்து, அஞ்சத்தக்கது எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே பாயை விரித்தேன்.

அவரை மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரு நாற்காலியின்மேல் தூக்கி வைத்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், வெளியே விடும்போது இறக்க வேண்டும். உள்ளே நான்கு எண்ணினால் வெளியே ஆறு. முதல் வாரம் இவ்வளவுதான். விடும் மூச்சு நீள நீளத் தாடை தளர்ந்தது, பிறகு தோள் தளர்ந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், பயிற்சி முடிந்து எழுந்தவர், பாயில் கிடந்த தம் துண்டைக் குனிந்து எடுத்து உதறித் தோளில் போட்டார். போட்ட பிறகுதான், தாம் குனிந்ததே அவருக்கு உறைத்தது.

நான்கு மாதங்கள் கழித்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று வழக்கம்போல் கேட்டேன். முதல் நாளும் ஐந்து என்றார், அன்றும் ஐந்து என்றார். எண்ணை மட்டும் பார்த்தால் என் சிகிச்சை தோற்றுவிட்டது. ஆனால் அவரே தொடர்ந்தார்: "குடைச்சல் போயிருச்சும்மா. இப்ப இருக்கிறது உளைச்சல்தான். அதோட நடந்துரலாம்." அந்தத் தைப்பூசத்தில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை, சுமார் மூன்று கிலோமீட்டர், பேரனின் பால்குடத்துக்குப் பின்னால் நடந்தார். எந்த எண்ணும் காட்டாத முன்னேற்றத்தை ஒரு தமிழ்ச்சொல் காட்டியது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது உண்மைதான். சொல் இருந்தால் பிறருக்கும் கொஞ்சம் தெரியும்.

யோகத்தால் எல்லா வலியும் பறந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீடித்த கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயலத்தக்க வழிகளில் ஒன்றாக 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி யோகத்தையும் சேர்த்தது. ஆய்வுகள் காட்டும் பலன் மிதமானது; அந்த மிதமான பலன்தான் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சந்தைக்கு அனுப்புகிறது. சென்னையில் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர்கள் ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பதை வலியுறுத்தினார்கள். நானும் அவ்வழியே நிற்பவள். ஆளுக்கு ஏற்றபடி செய்ய வேண்டுமானால், ஆள் சொல்வது எனக்குப் புரிய வேண்டும் அல்லவா?

1975இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் 78ஐத் தொகுத்து ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். நம்மிடம் இல்லாததா? நமக்கு மூட்டு குடையும், கால் உளையும், வயிறு பிசையும், மண்டை இடிக்கும், பல் கூசும், புண் காந்தும், பாதம் மதமதக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். நெஞ்சு கரிப்பதும் நெஞ்சு அடைப்பதும் ஒன்றா? இரண்டையும் அவசரமாக விசாரிக்க வேண்டும், ஆனால் விசாரிக்கும் மருத்துவருக்கு இரண்டும் ஒரே 'நெஞ்சுவலி'யாகப் போய்ச் சேர்ந்தால் பாதிச் செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. தமிழ் நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, வானொலியில் இருக்கிறது. சமையலறையிலும் படுக்கையறையிலும் அது குறைந்துகொண்டே வரும்போது, முதலில் தொலைவது வலிச்சொற்கள்தான், ஏனென்றால் எந்தப் பாடநூலும் உளைச்சலையும் மதமதப்பையும் கற்பிப்பதில்லை. அவை பாட்டியின் காலைப் பிடித்துவிடும்போது மட்டுமே பிள்ளையின் காதில் விழும்.

ஊழியர்களைப் பற்றிய மூன்றாவது பொருளுக்கு நேரம் இல்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார். அவர்களுக்கும் இதே சொற்கள் வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆலோசகர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: தமிழ் வலிச்சொற்களையும் அவற்றின் ஆங்கில விளக்கத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு, இந்த வட்டாரத்து மருந்தகங்களிலும் மூத்தோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையங்களிலும் வைக்க உதவ வேண்டும். தொகுக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம்.

வெளியேறும் வாசலருகே ஒரு மேசையில் வெற்றுப் படிவங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எங்கே வலிக்கிறது, உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று இரண்டே கேள்விகள். எழுதக் கை ஒத்துழைக்காதவர்கள் வாயால் சொன்னால் போதும், மேசையருகே நிற்கும் பெண் தமிழிலேயே எழுதிக்கொள்வார். அவர்தான் அந்தப் பேத்தி. வணக்கம்.