மழையில் மட்டும் வரும் பழுது: ஏற்காடு ஏழாவது வளைவில் மிஸ் ஆன என் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டட், டட், டட்... ஒரு துடிப்பு விழாமல் போகிறது, கவனித்தீர்களா? இதைத்தான் எஞ்சின் 'மிஸ்' ஆகிறது என்போம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏற்காடு மலைப்பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் போனில் பதிவு செய்தது இது.

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்கிற சிவப்பியை உங்களில் பலருக்குத் தெரியும். 25 வயதைத் தாண்டிய வண்டி. இரண்டு இருக்கை, துணிக்கூரை, ஃபைபர் உடம்பு, நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வருஷம் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. பெருமழை பெய்தால் மட்டும் இந்தச் சத்தம். போன வருஷமும் இப்படித்தான். அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை, இந்தத் தடவை பிடித்துவிட்டேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் உதவும் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்த மழை. கோரிமேடு தாண்டும்போது சாலையோரம் கால்வாசிச் சக்கரம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர். மெதுவாக ஓட்டி அடிவாரம் வந்துவிட்டேன். முதல் ஆறு வளைவுவரை ஒன்றும் இல்லை. ஏழாவதில் திரும்பி, இரண்டாவது கியரில் காலை அழுத்தியதும் வண்டி குலுங்கியது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது, அழுத்தினால் மறுபடி குலுங்குகிறது. ஐடிலில், அதாவது காலை அழுத்தாமல் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிற்கும்போது கிட்டத்தட்ட சாதாரணமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் முதல் துப்பு இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறுகிறோம். எஞ்சினுக்கு மூச்சு விட நேரமே கிடையாது. காலை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால், பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கின் முனையில் பொறி தாண்டுவது கஷ்டம். அதைத் தாண்ட வைக்க, பிளக்குக்கு உயர் வோல்ட் தருகிற சுருளான காயில் (coil) இன்னும் அதிக வோல்ட்டைத் தள்ளும், 20,000 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகும். அந்த மின்சாரத்துக்கு வழியில் ஈரமான ஒரு விரிசல் கிடைத்தால் போதும், பிளக்குக்குப் போகாமல் அப்படியே எஞ்சின் இரும்புக்குத் தாவிவிடும். ஐடிலில் ஓடுகிற எஞ்சின் ஏற்றத்தில் மட்டும் மிஸ் ஆகிறது, அதுவும் மழையில் மட்டும் என்றால் என் சந்தேகம் முதலில் பொறி பக்கம்தான் போகும்.

வளைவில் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுக்கவில்லை, அதில் தண்ணீர் கலக்கவில்லை. ஏர் ஃபில்டர் காய்ந்துதான் இருந்தது. அப்புறம் சைலன்சர் பக்கம் போய் நின்றேன். பச்சைப் பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. தண்ணீர் தேங்கிய சாலையில் எஞ்சின் திடீரென்று நின்றுபோனால், தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி ஓரங்கட்டி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. அதனால் மேலே போகிற ஆசையை விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி மெதுவாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, நல்ல வெயில். சாவியைத் திருப்பினால் எஞ்சின் மணி மாதிரி ஓடுகிறது. ஐந்து ரோடு வரை போய்த் திரும்பினேன், ஒரு மிஸ் இல்லை.

திங்கட்கிழமை ஒரு பட்டறையில் விட்டேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கு தம்பி, மாத்திடலாம், 11,000 ஆகும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பம்ப் பெட்ரோலைச் சரியாகத் தள்ளவில்லை என்றால், சைலன்சரில் அத்தனை பச்சைப் பெட்ரோல் வாசனை எங்கிருந்து வந்தது? பெட்ரோல் சிலிண்டருக்குள் வந்திருக்கிறது, எரியாமல் வெளியே போயிருக்கிறது. வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நம் ஊரில் கார்களுக்கு ஓபிடி, அதாவது பழுதைத் தானே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்கிற வசதி, கட்டாயமானது 2010-க்கு அப்புறம்தான். இந்த வண்டி அதற்கு ரொம்ப முந்தையது. எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று சொல்ல இதில் வசதி கிடையாது, நாமேதான் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அம்பாசிடர், ஃபியட் காலத்து ஆள். அவரிடம் போய்ச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "காஞ்ச வண்டியில நான் என்னத்தப் பார்க்கிறது தம்பி? மழையில வர்ற பழுதை மழையிலதான் பார்க்கணும். ராத்திரி வா, லைட்டை அணைச்சிட்டுத் தண்ணி தெளிச்சுப் பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே செய்வதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்தேன். பிளக் கேபிள் நாலையும் கழற்றி ஓம்ஸ் (மின்தடை) பார்த்தேன். நாலும் 5-லிருந்து 7 கிலோ ஓம். நாலும் நல்ல கேபிள் என்றது மீட்டர். இங்கேதான் போன வருஷம் நான் ஏமாந்தேன். மீட்டர் அனுப்புவது சில வோல்ட்தான். உள்ளே கடத்தி அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். மேல் ரப்பரில் விரிசல் விட்டிருப்பது அதற்குத் தெரியாது, 20,000 வோல்ட்டுக்குத்தான் தெரியும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார். கொட்டகைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தோம், புகை வெளியே போக வேண்டும். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டோம். விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். சலூன் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த பாட்டில்தான். சாதாரணத் தண்ணீர். கையை எட்டவைத்து, ஃபேன் பக்கம் போகாமல், ஒவ்வொரு கேபிளாகப் பனி மாதிரி தெளித்தேன்.

ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஒன்றுமில்லை. மூன்றாவதில் தெளித்ததும்... இதோ, வீடியோவில் பாருங்கள். கேபிள் முனையில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் தொப்பியின் அடியிலிருந்து, நீலமாக மெல்லிய புழு மாதிரி ஒன்று எஞ்சின் மேல் ஓடுகிறது. எஞ்சினும் உடனே மலையில் போட்ட அதே சத்தத்தைப் போட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு வருஷமாகத் தேடியது கண் முன்னால் நின்று எரிகிறது.

அண்ணன் அத்தோடு விடவில்லை. எஞ்சின் மிஸ் ஆகிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னார். ஒன்றாவதைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தளர்கிறது, அப்படியென்றால் அது வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டும் நாலும் அதே கதை. மூன்றைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை, ஏற்கெனவே செத்துக் கிடக்கிற சிலிண்டர் அது. இதைப் பிளக் கேபிளை இழுத்துச் செய்யாதீர்கள். ஷாக் அடிக்கும், காயிலும் கெட்டுப்போகும்.

இந்த எஞ்சினில் ஒரு காயில் 1-க்கும் 4-க்கும் சேர்ந்தாற்போல் பொறி கொடுக்கும், இன்னொன்று 2-க்கும் 3-க்கும். காயில் போயிருந்தால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் அடிபடும். மூன்று மட்டும் செத்து இரண்டு நன்றாக ஓடுகிறது என்றால் காயில்மேல் பழி போட முடியாது.

மூன்றாவது பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தடம். மின்சாரம் திரும்பத் திரும்ப ஓடிப் போட்ட பாதை. இந்தத் தடம் விழுந்துவிட்டால் பிளக்கையும் தொப்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும்.

சரி, தொப்பியில் விரிசல் விட்டது வயசால். ஆனால் தண்ணீர் அங்கே எப்படி வந்தது? இதை விட்டால் அடுத்த வருஷமும் நனையும். கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்தில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். ஓரத்து ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டிய தண்ணீர் தேங்கி நின்று, வழிந்து, நேராக மூன்றாவது சிலிண்டர் மேல் சொட்டியது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஓட்டை முழுக்கக் காய்ந்த இலை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் இலை, பின்பக்கம் வெள்ளி மாதிரி இருக்குமே, அதுதான். வாரா வாரம் மேலே போய் மரத்தடியில் நிறுத்துகிற வண்டி. கையளவு இலை எடுத்தேன்.

அண்ணன் கிளம்பும்போது, "எர்த்தையும் பார்த்துக்க, உன் வண்டி ஃபைபர்" என்றார். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழிதான் எர்த். தகர உடம்பு வண்டியில் பாடியே எர்த். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, எல்லாவற்றுக்கும் எர்த் வயர் தனியாகச் சேஸிஸுக்குப் போக வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கப் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தங்கச்சியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொரு முனை எஞ்சின் இரும்பில். மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் வயரில் கோளாறு. சேஸிஸில் போல்ட் போட்ட இடம் பச்சை பூத்திருந்தது. எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். 0.15-க்கு வந்துவிட்டது. செல்ஃப் சத்தமே மாறிவிட்டது.

கேபிள் செட், நாலு பிளக், தொப்பிக்குள் தடவ சிலிகான் கிரீஸ், பானெட்டின் பின்விளிம்புக்கு ரப்பர், எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். பெட்ரோல் பம்ப் பழையதுதான், நன்றாக இருக்கிறது.

அடுத்த ராத்திரி மறுபடி விளக்கை அணைத்து, பாட்டில் முழுக்கத் தெளித்தேன். ஒரே இருட்டு. ஆனாலும் மழையில் ஏறாமல் இந்த வீடியோவைப் போடக்கூடாது என்று காத்திருந்தேன். நேற்று மழை வந்தது. இனி வருவது நேற்று எடுத்தது. ஏழாவது வளைவு, இரண்டாவது கியர், காலை முழுசாக அழுத்துகிறேன். நான் பேசவில்லை, சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

இது பதினான்காவது வளைவு. இது இருபதாவது. ஏற்காடு ஒண்டிக்கடை பகுதியில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தபோது மூன்றாவது தொப்பி காய்ந்திருந்தது, விரலால் தடவிக் காட்டுகிறேன் பாருங்கள். வைப்பர் பள்ளத்தில் புதிதாக இரண்டு சில்வர் ஓக் இலை விழுந்து கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.