போர்முனைக் கடிதத்துல ஊர் பேர் எங்கே?

[காட்சி: பழைய ட்ரங்குப் பெட்டி. அடியில நூல் கட்டின கடிதக் கட்டு.]

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில எங்க வீட்டு மச்சுல கிடந்த பெட்டி இது. உள்ளே இருக்கிறது பெரியப்பா எழுதின கடிதங்கள்.

1962 அக்டோபர்ல சீனப் போர் வந்தப்போ அவர் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில படிச்சிட்டு இருந்தார். சண்டை ஒரே மாசத்துல நின்னுபோச்சு. ஆனா ராணுவத்துல ஆபீசர்கள் போதல. படிச்ச பையன்களை 'அவசர கமிஷன்'ங்கிற ஆபீசர் நியமனத்துல எடுத்தாங்க. 1963-ல சென்னை பரங்கிமலையில அதுக்காகவே ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தாங்க. டிகிரி கைக்கு வந்ததும் பெரியப்பா அங்கே போய்ச் சேர்ந்துட்டார். 1965 போர்ல அவர் மேற்கு எல்லையில.

[காட்சி: கடிதத்தின் மேல் மூலை, நெருக்கத்தில்.]

இதைப் பாருங்க. தேதி 14-9-65. பக்கத்துல ஊர் பேர் கிடையாது. அனுப்புநர் முகவரியில பேரு, நம்பர், யூனிட், கடைசியா '56 ஏ.பி.ஓ.'. அவ்வளவுதான்.

56 ஏ.பி.ஓ.ன்னா போர்முனைன்னு எங்க பாட்டி கடைசிவரை நம்பிட்டு இருந்தாங்க. அது டெல்லியில இருக்கிற ராணுவ அஞ்சல் மையம். கொல்கத்தாவுல இருக்கிறது 99. எந்த யூனிட் எங்கே நிக்குதுன்னு அங்கே தெரியும், அனுப்புற நமக்குத் தெரியாது. அங்கே பிரிச்சு, களத்துல இருக்கிற எஃப்.பி.ஓ.ங்கிற தபாலாபீசுக்கு அனுப்புவாங்க. அதோட முத்திரையிலயும் ஊர் இருக்காது, வெறும் நம்பர்.

உள்ளே என்ன எழுதியிருக்கார்? போரைப் பத்தி ஒரு வரி இல்ல. தணிக்கை இருக்கு, எழுதவும் கூடாது. "முண்டகன் நடவு ஆச்சா? கிணத்துல தண்ணி எவ்வளவு?" முண்டகன்னா எங்க பக்கம் ரெண்டாம் போக நெல்லு. இதையே மூணு கடிதத்துல கேட்டிருக்கார். தாளம் போட்ட மாதிரி எல்லாத்துலயும் "நான் சௌக்கியம்".

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கட்டு இருந்தா, முதல்ல முகவரிப் பக்கத்தைப் படிங்க. தேதி அழிஞ்சிருந்தாலும் காலம் பிடிபடும். ரெண்டாம் உலகப் போர்ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர், அந்தக் காலத்துக் கடிதமாவும் இருக்கலாம். அப்போ எங்க ஊர் இருக்கிற சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். பக்கத்துலயே பாலக்காடு, அது மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. ஒரே கல்லூரியில ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவங்களுக்கு வீட்டு முகவரியில ரெண்டு அரசாங்கம்! கொச்சிப் பக்கம் 'அஞ்சல்'ன்னே தனியா ஒரு தபால் துறை 1951 வரைக்கும் ஓடுச்சு. முகவரியில 'கேரளா'ன்னு இருந்தா 1956 நவம்பருக்கு அப்புறம். பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம், அதாவது 1971 போர்க் கடிதத்துல அது இருக்காது.

லேமினேட் பண்ணாதீங்க. கிழிசல்ல செல்லோடேப் ஒட்டாதீங்க, சில வருஷத்துல பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்னுடும். ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.

[காட்சி: நீல இன்லேண்ட் லெட்டர். ஒரு மூலையில சதுர ஓட்டை.]

கட்டுலயே இது ஒண்ணுதான் சாதாரணத் தபால். லீவு முடிஞ்சு திரும்பிப் போறப்போ, ரயில் நின்ன ஏதோ ஒரு ஊர்ல போட்டது. அந்த முத்திரையில மட்டும் ஊர் பேர் இருந்திருக்கும். ஸ்டாம்ப் ஆல்பத்துக்காக யாரோ கத்தரிக்கோலால வெட்டிட்டாங்க. இன்லேண்ட்ல ஸ்டாம்புக்குப் பின்னாடியும் எழுத்து ஓடும் இல்லையா, அதனால உள்பக்கம் "அடுத்த லீவுக்கு"ன்னு தொடங்கி ஓட்டையில போய் நிக்குது.

ஆல்பம் என்னுது. அப்போ எனக்கு ஒன்பது வயசு.