நாற்காலி காலியாக இருந்தால் பதில் சொல்வது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அரசியல் நகைச்சுவை மேடைக்கு வம்புக்காரர்களை அழைப்பது சரியா, தவறா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, அமெரிக்க நகைச்சுவையாளர் பில் மாஹரை வறுத்தெடுத்துவிட்டார். 2003 முதல் எச்பிஓ தொலைக்காட்சியில் 'ரியல் டைம்' என்ற அரசியல் அரட்டை நிகழ்ச்சியை நடத்துகிற அதே மாஹர்தான். "கண்டவனையும் கூப்பிடுகிறார், வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், அந்த மேடையே வேண்டாம்" என்றார் சகோதரி. நானும் கை தட்டினேன், பாதி பேச்சுக்கு. அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

2017 ஜூன் 2. நெப்ராஸ்கா செனட்டர் பென் சாஸ் விருந்தினர். எங்கள் ஊருக்கு வாருங்கள், வயலில் எங்களோடு வேலை பார்க்கலாம் என்று விளையாட்டாகச் சொல்கிறார். வயல் வேலையா, நான் வீட்டு வேலைக்கான ஆள் என்கிறார் மாஹர். 'ஆள்' என்று நான் சொன்ன இடத்தில் அவர் போட்டது, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்து வசைச்சொல். பண்ணை வெயிலில் வெந்தவர்கள் ஒரு பக்கம், எசமான் வீட்டுக்குள் ஏவல் செய்தவர்கள் ஒரு பக்கம் என்று மனிதர்களைப் பிரித்து வைத்த கொடுமை, ஒரு வெள்ளைக்காரரின் ஒரு நொடிச் சிரிப்புக்கு ஊறுகாய் ஆகிவிட்டது. அரங்கிலேயே சிலர் முனகினார்கள். மறுநாள் மாஹர் மன்னிப்புக் கேட்டார். எச்பிஓ மறு ஒளிபரப்பில் அந்த இடத்தை வெட்டியது. இதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தப்பு தப்புதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவர் வம்புக்காரரா? இல்லை. வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர், கல்லூரித் தலைவராக இருந்தவர், கண்ணியமான செனட்டர். அந்த நொடியில் அவர் வாயே திறக்கவில்லை. அப்போதே தட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு அவரே வருத்தப்பட்டார். அடுத்த வாரம் வரவேண்டிய செனட்டர் ஆல் ஃப்ராங்கனோ, வரமாட்டேன் என்று கழன்றுகொண்டார்.

வந்தவர் யார் தெரியுமா? கறுப்பின ராப் பாடகர் ஐஸ் க்யூப். போலீஸைத் திட்டிய பாட்டுக்காக அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதியதே, அந்த என்.டபிள்யூ.ஏ. ராப் குழுவில் இருந்தவர். எதிரணியின் தராசில் வைத்தால் அவரும் வாசலோடு திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்தானே? அவர்தான் மாஹரின் முகத்துக்கு நேரே சொன்னார்: அந்தச் சொல் கத்தி மாதிரி, எங்கள் மேல் ஆயுதமாக வீசப்பட்டது, இப்போது அது எங்களுடையது, உங்களுக்குத் திருப்பித் தரமாட்டோம். அதே மேடையில் கறுப்பின அரசியல் ஆலோசகர் சைமோன் சாண்டர்ஸ், வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்களில் பலர் பெண்கள், அவர்கள் பட்ட பாலியல் கொடுமை என்ன என்று நினைவுபடுத்தினார். மாஹர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தரியால் வெட்டிய எச்பிஓ இதைச் செய்திருக்க முடியுமா?

சரி, வலதுசாரி வம்புப் பேச்சாளர் மைலோ யியானோபுலஸைக் கூப்பிட்டாரே என்பீர்கள். அதே ஆண்டு பிப்ரவரி 17. நடிகை லெஸ்லி ஜோன்ஸ் மீது நடந்த வசைத் தாக்குதலுக்காக ட்விட்டர் நிரந்தரமாகத் தூக்கி எறிந்த ஆசாமி. அந்த ஆள் வந்தால் நான் வரமாட்டேன் என்று பத்திரிகையாளர் ஜெரமி ஸ்கேஹில் விலகினார். தனிப் பேட்டியில் மாஹர் மைலோவிடம் குழைந்தார், மறுக்கவில்லை. பிறகு நடந்த குழு உரையாடலில், கூட இருந்தவர்களை மைலோ மட்டம் தட்ட, நகைச்சுவையாளர் லாரி வில்மோர் லெஸ்லிக்காகப் பரிந்து, இந்த அவையில் சொல்ல முடியாத வார்த்தையில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சில நாட்களில் மைலோவின் பழைய பேச்சுப் பதிவு ஒன்று வெளிவந்து அவரது புத்தக ஒப்பந்தமும் வேலையும் போயின. அதற்கும் மாஹர் பெருமை தேடிக்கொண்டார். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு வில்மோர் போதும். ஸ்கேஹிலும் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம், கதவைச் சாத்துங்கள் என்கிறவர்களுக்கு ஒன்று: சாத்துகிற கை எப்போதும் உங்கள் கையாக இருக்காது. மாஹர் முன்பு ஏபிசி தொலைக்காட்சியில் இருந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விமானம் கடத்தியவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது என்றார் விருந்தினர் தினேஷ் டிசூசா. அவர் வலதுசாரி, நினைவிருக்கட்டும். மாஹரும் ஆமோதித்து, 2,000 மைல் தள்ளி நின்று ஏவுகணை வீசிய அமெரிக்கர்களாகிய நாம்தான் கோழைகள் என்றார். ஃபெடெக்ஸ், சியர்ஸ் நிறுவனங்கள் விளம்பரத்தை இழுத்துக்கொண்டன. வெள்ளை மாளிகைப் பேச்சாளர், மக்கள் பார்த்துப் பேச வேண்டும் என்றார். 2002இல் நிகழ்ச்சி மூடப்பட்டது. அந்த நேரத்தில் அது குத்தலான பேச்சுதான். ஆனால் ஏவுகணை பற்றிய கேள்வியும் அதோடு சேர்த்துக் குப்பைக்குப் போனதே, அது யாருக்கு வசதி?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. 2017 ஜூன் 9 அன்று ஐஸ் க்யூபும் வரமாட்டேன் என்றிருந்தால், மாஹர் எதிரில் யாரை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டிருப்பார்?